நியமனத்தைக் கேட்டவர் யார்?

ஷியா–சுன்னி வேறுபாட்டை நபிகள் நாயகத்துக்குப் பின் தலைவர் “அவருடைய தோழர் அபூபக்ரா, மருமகன் அலியா” என்ற ஒரே கேள்வியாகச் சுருக்கிச் சொல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆளைப் பற்றிய அந்தச் சர்ச்சைக்கு அடியில், தலைவரை எவ்வாறு அறிந்துகொள்வது என்ற சர்ச்சை இருக்கிறது என்பதும், பிற்காலப் பிளவுகள் பலவற்றுக்கு அதுவே வழிவகுத்தது என்பதும் என் எண்ணம்.

632-இல் நபிகள் நாயகம் மறைந்ததும் மதீனாவில் சகீஃபா என்ற கூடத்தில் கூடியவர்கள் அபூபக்ரைத் தேர்ந்தெடுத்தனர். சமூகத்தின் ஏற்பே தலைமைக்குப் போதும் என்று கொண்ட சுன்னிகள், கலீஃபா எனப்பட்ட அந்தத் தலைவரைப் பிழைக்கு அப்பாற்பட்டவராகக் கருதியதில்லை. மார்க்கத் தீர்ப்பு உலமாக்கள் எனப்படும் அறிஞர்களின் பொறுப்பாயிற்று. அதனால்தான் 1924-இல் துருக்கி கிலாஃபத்தை, அதாவது கலீஃபா பதவியை, ஒழித்தபோது, இந்தியா வரை அதிர்ச்சி பரவியும், ஜும்ஆ தொழுகையோ, ஃபத்வா எனும் மார்க்கத் தீர்ப்போ நின்றுபோகவில்லை. ஷியாக்களோ, கதீர் கும் என்ற இடத்தில் நபிகளே அலியை நியமித்துவிட்டார் என்கின்றனர். அந்த நிகழ்வைச் சுன்னிகளும் மறுப்பதில்லை. அதை வாரிசு நியமனமாகக் கொள்ளத்தான் மறுக்கின்றனர். இவ்விரு தரப்பிலும் சேராத ஓமானின் இபாதிகள் குலம் பாராமல் தகுதியுள்ளவரைத் தேர்ந்தெடுத்தனர். ஷியாக்களில் ஒரு பிரிவினரான யமனின் ஸைதிகளோ நபிகளின் பேரர் வழியில் வந்து, கல்வியும் துணிவும் பெற்று, உரிமை கோரி எழுபவரை இமாமாக, அதாவது தலைவராக, ஏற்று, 1962 வரை அந்த ஆட்சியைக் காத்தனர்.

‘நஸ்’ எனப்படும் நியமனத்தை ஒரே அடிப்படையாகக் கொண்டால், ஊர் ஏற்றதா என்பது பொருட்டல்ல; அந்த நியமனத்தைக் காதால் கேட்ட சாட்சி யார் என்பதே எல்லாமாகிவிடும். 765-இல் ஷியா இமாம் ஜஅஃபர் அஸ்ஸாதிக் மறைந்தபோது, அவருடைய மகன்களுள் இஸ்மாயிலின் வழியை ஏற்ற இஸ்மாயிலிகளும் மூஸா அல்காழிமை ஏற்றவர்களும் பிரிந்தனர். 1094-இல் கெய்ரோவில் இஸ்மாயிலிகளின் இமாமான ஃபாத்திமிய கலீஃபா முஸ்தன்ஸிர் இறந்ததும், அவருடைய மகன்களில் நிஸாரா முஸ்தஅலியா என்று இஸ்மாயிலிகள் மீண்டும் பிளந்தனர். ஆனால் 1957-இல், நிஸார் வழியில் வந்த இமாம் மூன்றாம் ஆகா கான் தம் மகன்களைத் தாண்டி இருபது வயதுப் பேரர் கரீமை நியமித்தபோது பிளவு ஏதும் நேரவில்லை. எழுதிவைத்த உயில் அங்கே பேசியது.

முஸ்தஅலி வழியில் வந்த தாவூதி போஹ்ராக்களின் நிலை வேறு. அவர்களுடைய இமாம் மறைவில் இருப்பதால், அவர் சார்பில் தாயி எனப்படும் பிரதிநிதி வழிநடத்துகிறார். அடுத்த தாயியை நஸ் மூலம் அறிவிப்பவரும் அவரே. 2014-இல் 52-ஆம் தாயி முஹம்மது புர்ஹானுத்தீன் மறைந்து, மகன் முஃபத்தல் ஸைஃபுத்தீன் பொறுப்பேற்றார். மறைந்தவரின் மாற்றாந்தாய்ச் சகோதரரும் நெடுங்காலம் சமூகத்தின் இரண்டாம் நிலைப் பதவியில் இருந்தவருமான குஸைமா குத்புத்தீன், 1965-இலேயே தமக்குத் தனிமையில் நஸ் செய்யப்பட்டதாகக் கூறி பம்பாய் உயர் நீதிமன்றத்தை நாடினார். சாட்சியில்லாத நஸ் செல்லுமா, ஒருமுறை செய்த நஸ்ஸை மாற்றலாமா என்ற இறையியல் கேள்விகள், உரிமையியல் வழக்கின் எழுவினாக்களாக நீதிபதியின் முன் வந்து நின்றன! வழக்கு நடக்கும்போதே 2016-இல் அவர் காலமாக, மகன் தாஹிர் ஃபக்ருத்தீன் அதைத் தொடர்ந்தார். 2024 ஏப்ரலில் வழக்கைத் தள்ளுபடி செய்த நீதிபதி கௌதம் படேல், தாம் முடிவு செய்தது சான்றைப் பற்றியே தவிர நம்பிக்கையைப் பற்றியல்ல என்று தெளிவுபடுத்தினார். வேறு எதையும் ஒரு நீதிமன்றம் முடிவு செய்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். பெரும்பான்மையினருக்கு ஸைஃபுத்தீன் 53-ஆம் தாயி. ஃபக்ருத்தீனைப் பின்பற்றும் சிறு பிரிவினருக்கோ 53-ஆமவர் குத்புத்தீன், 54-ஆமவர் அவருடைய மகன்.