மன்னார்த் தீவில் ஒரு பட்டக் கரை

2017 ஜூன் மாதம், இலங்கையின் மேற்குக் கரையில் உள்ள கற்பிட்டியில் இருந்து இரண்டு ஜெர்மன்காரர்கள் ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஊர்க் கரைக்கு வந்து இறங்கினார்கள். மன்னார்த் தீவின் தென் கரை அது. கொஞ்ச நேரம் காற்றுக்கு முகம் கொடுத்து நின்றார்கள். பிறகு பையை அவிழ்த்து, பம்பால் காற்றடித்து, ஒரு வள்ளத்தின் நீளத்துக்குப் பட்டம் ஒன்றை எழுப்பினார்கள். பொழுது சாயும்வரை ஊரே கரையில் நின்று பார்த்தது. இரவு தங்க இடம் கேட்டபோது எங்கள் வீட்டுப் பின்னறையைக் கொடுத்தோம். அம்மா நண்டுக் குழம்பு வைத்தார். ஓர் இரவு என்று வந்தவர்கள் ஒன்பது நாள் இருந்தார்கள்.

போகும்போது அவர்களில் ஒருவர், "இந்தக் காற்றை வைத்துக்கொண்டு நீங்கள் ஏன் சும்மா இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். இன்று எங்கள் கரையில், பட்டம் இழுக்கப் பலகையில் நின்று கடலில் சறுக்கிப் போகும் கைட்சர்ஃபிங்குக்கு ஒரு சிறிய பயிற்சிக்கூடமும் ஐந்து கொட்டில்களும் இருக்கின்றன. முதல் விருந்தினர் வர இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடத்தில் பட்டத்தோடு செலவழித்த நேரம் குறைவு. மனிதர்களோடும் காகிதங்களோடும் செலவழித்ததுதான் அதிகம்.

முதலில் காற்றைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் காற்று என்று பொதுவாக யாரும் பேசுவதில்லை. மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்கில் இருந்து அடிப்பது சோளகம். டிசம்பர் தொட்டு மார்ச் வரை வடகிழக்கில் இருந்து வருவது வாடை. தீவு வடமேற்குத் தென்கிழக்காக நீண்டு கிடப்பதால் சோளகம் தென் கரையில் வந்து மோதும், வாடை வட கரையில் மோதும். ஒரே தீவில் இரண்டு பருவம், இரண்டு கரை. இது எவ்வளவு பெரிய கொடை என்று எனக்கு அப்போது தெரியாது.

என் சித்தப்பா கரைவலைச் சம்மாட்டி, அதாவது கரையில் நின்று இழுக்கும் பெரிய வலையின் சொந்தக்காரர். காற்று அளக்கும் சிறிய கருவி ஒன்றை வாங்கி வந்தபோது, "இதை என்னிடம் கேட்டால் சொல்லமாட்டேனா?" என்றார். அவரிடமும் கேட்டேன், கருவியையும் பிடித்தேன். ஒரு வருடத்துக்கு மேல் காலை எட்டு, மதியம் பன்னிரண்டு, மாலை நான்கு என்று மூன்று வேளையும் கொப்பியில் எழுதினேன். சோளகக் காலத்தில் காலையில் மந்தமாக இருக்கும் காற்று, மணல் சூடேற ஏற வலுத்து, பிற்பகலில் பெரும்பாலும் 15 நொட்டுக்கு மேலே போகும். அதாவது மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர். நடுத்தர எடையுள்ள ஒருவருக்கு அந்தக் காற்றில் 12 சதுர மீட்டர் பட்டம் வேண்டும். 20 நொட் என்றால் 9 போதும், 25 என்றால் 7. எந்த அளவில் எத்தனை பட்டம் வாங்குவது என்பதை அந்தக் கொப்பிதான் முடிவு செய்தது. சித்தப்பா சொன்னதற்கும் கொப்பி சொன்னதற்கும் ஒரு நாளும் பெரிய வித்தியாசம் வந்ததில்லை.

2018இல் கற்பிட்டிக்குப் போய் நானே கற்றுக்கொண்டேன். அங்கே களப்பில் தண்ணீர் தட்டையாக, ஆழமில்லாமல் இருப்பதால் படிக்கிறவர்களுக்கு வசதி. பலகையில் எழுந்து நிற்கவே எனக்கு ஆறு நாள் ஆயிற்று. பலகை இல்லாமல் பட்டம் இழுக்கத் தண்ணீரில் உடம்பால் இழுபட்டுப் போவதுதான் முதல் பாடம். அதற்கும் முந்தியது ஒன்று இருக்கிறது: ஆபத்து வந்தால் பட்டத்தை இடுப்புப் பட்டியோடு இணைக்கும் இடத்திலுள்ள விடுவிப்புப் பிடியைத் தள்ளிப் பட்டத்தின் இழுவையை அறுப்பது. கண்ணை மூடிக்கொண்டு கை தானாக அங்கே போகும்வரை நான் இன்றும் யாரையும் கடலில் இறக்குவதில்லை. அடுத்த பருவத்தில் திரும்பவும் போய்ப் பயிற்றுநர் சான்றிதழும் எடுத்தேன்.

இனி காகிதம். காணி அம்மம்மாவினுடையது. யுத்தத்தில் காணி உறுதிப்பத்திரம் தொலைந்துவிட்டது. காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்து, நில அளவையாளரைக் கொண்டு அளந்து, எல்லைக்காரர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கவே எட்டு மாதம் போனது. அடுத்தது கரையோர அனுமதி. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, உயர் நீர்மட்டக் கோட்டில் இருந்து நிலப்பக்கம் 300 மீட்டரும், தாழ் நீர்மட்டக் கோட்டில் இருந்து கடல் பக்கம் 2 கிலோமீட்டரும் கரையோர வலயம். எங்கள் காணி முழுவதும் அதற்குள் வருகிறது. ஒரு கொட்டில் கட்டுவதென்றாலும் அனுமதி வேண்டும். பனைமரமும் கிடுகும் மட்டுமே, கொங்கிரீட் அத்திவாரம் இல்லை, தேவைப்பட்டால் கழற்றி எடுத்துவிடலாம் என்று வரைபடம் போட்டுக் கொடுத்தேன். மலக்குழியைக் கிணறுகளில் இருந்து எவ்வளவு தூரம் தள்ளுவது என்பதில்தான் அதிகம் யோசித்தோம். மணல் தீவில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. அதைக் கெடுத்தால் ஊரே உப்புத் தண்ணீர் குடிக்க வேண்டிவரும்.

கிராம சேவகர், பிரதேச செயலகம், பிரதேச சபை, சுற்றுலா அதிகார சபைப் பதிவு என்று மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். ஓர் அலுவலகத்தில் எங்கள் கோப்பு தொலைந்து நான்கு மாதம் வீணானது. கொடுத்ததற்கு என்னிடம் அத்தாட்சி இல்லை. அதற்குப் பிறகு எந்தக் கடிதத்தையும் இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் வெளியே வந்ததில்லை. தொடங்கப் போகிறவர்கள் முதல் நாளில் இருந்தே இதைச் செய்யுங்கள்.

அனுமதி கையில் வந்தாலும் கரை கையில் வந்துவிடாது. கரை ஊருடையது. 2019 மார்ச்சில், ஒரு ஞாயிறு பூசை முடிந்து தேவாலய வளவில் கூட்டம் வைத்தோம். பங்குத்தந்தையும் மீனவர் கூட்டுறவுச் சங்கத் தலைவரும் முன்னால் இருந்தார்கள். கேள்விகள் கடுமையாகவே வந்தன. பட்டத்தின் நூல் வலையில் சிக்கினால் யார் பொறுப்பு? நிழல் விழுந்து மீன் கலைந்தால்? வெளிநாட்டுக்காரர் குடித்துவிட்டுக் கரையில் கிடந்தால்? இன்று உன் கொட்டில், நாளைக்கு எவனோ ஒரு முதலாளியின் ஹோட்டல், அப்போது எங்கள் மீன்பிடி வாடி எங்கே போகும்? ஒரு பெரியம்மா எழுந்து, "1990இல் இந்தக் கரையில் இருந்துதான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வள்ளத்தில் ஏறி இந்தியாவுக்குப் போனோம். இந்தக் கடலில் விளையாட்டா, தம்பி?" என்று கேட்டார். என் அம்மாவும் அப்படிப் போய் மண்டபம் முகாமில் இருந்தவர்தான். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அம்மாதான் எழுந்து, "போனவர்கள் திரும்பி வந்து பிழைக்கவும் இந்தக் கரைதானே வேண்டும், அக்கா" என்றார்.

வழி காட்டியவர் சித்தப்பா. சோளகத்தில் தென் கடல் கொந்தளிக்கும்போது எங்கள் ஆட்களில் பாதிப்பேர் வட கரைக்கு வாடி மாற்றுவார்கள். வாடையில் அங்கிருந்து இங்கே வருவார்கள். வலைக்கு அமைதியான கடல் வேண்டும், பட்டத்துக்குக் காற்றடிக்கும் கடல் வேண்டும். "நாங்கள் விட்டுப்போகிற கரையைத்தானே இவன் கேட்கிறான்" என்றார். ஆனால் பருவம் மாறும் நாட்களில், மே தொடக்கத்திலும் செப்டம்பர் கடைசியிலும், இரண்டு பேரும் ஒரே கரையில் நிற்போம். அதற்கென்று எழுதி வைத்தோம்: காலை பதினொரு மணிக்கு முன் பட்டம் ஏறாது, கரைவலைப் பாட்டுக்குள், அதாவது வலை இழுக்கும் கடற்பகுதிக்குள், இறங்காது, ஒவ்வொரு விருந்தினருக்கும் ஒரு தொகை சங்க நிதிக்குப் போகும், சமையலும் போக்குவரத்தும் ஊர் ஆட்களுக்கே.

மே மாதம் தொடங்க எல்லாம் தயாராக இருந்தது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் குண்டு வெடித்தது. எங்களுடையது கத்தோலிக்க ஊர். வெகுநாள் யாரும் எதைப் பற்றியும் பேசவில்லை. பதிவு செய்தவர்கள் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பருவம் முழுவதும் வந்தவர்கள் ஆறு பேர்.

அந்த ஆறு பேரில் ஒருவர் விஷயத்தில்தான் நான் மறக்க முடியாத தவறு செய்தேன். செப்டம்பர் கடைசி வாரம். வலை இன்னும் கடலில் இருப்பதைக் கவனிக்காமல் ஒருவரை இறக்கிவிட்டேன். பட்டம் விழுந்தது. 24 மீட்டர் நீளத்தில் நான்கு நூல், இழுபட்டால் கத்தி மாதிரி. அவரை விடுவிக்க வலையை இரண்டு இடத்தில் வெட்ட வேண்டியதாயிற்று. வலை சித்தப்பாவினுடையது இல்லை, கூட்டத்தில் எங்களை எதிர்த்துப் பேசிய ஒருவருடையது. அன்றிரவே அவர் வீட்டுக்குப் போனேன். வலையின் விலையையும் அன்றைய மீன்பாட்டின் நட்டத்தையும் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, "காசு சரி. வலை கடலில் இருக்கிறது என்று நீ எப்படித் தெரிந்துகொள்வாய்?" என்று கேட்டார். மறுநாள் கரையில் ஒரு பனங்கம்பு நட்டோம். வலை கடலில் இருக்கும்வரை அதில் சிவப்புத் துணி பறக்கும். ஏற்றுவதும் இறக்குவதும் மீனவர்கள் கையில். துணி பறக்கும்போது எவ்வளவு நல்ல காற்றாக இருந்தாலும் நாங்கள் மணலில் உட்கார்ந்திருப்போம்.

அடுத்த இரண்டு வருடம் கொரோனா. 2022இல் எரிபொருள் இல்லை. எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டை வந்த பிறகும் வாரத்துக்குக் கிடைத்த சில லீற்றர் பெற்றோல் வீட்டு மோட்டார் சைக்கிளுக்கே போதாது. மீட்புப் படகை ஓட்ட முடியாவிட்டால் வகுப்பு இல்லை என்று முடிவெடுத்தேன். நண்பர்கள் சிலர், தென் கரையில் சோளகம் ஆளைக் கரைக்குத்தானே தள்ளும், படகு எதற்கு என்றார்கள். விழுந்தவருக்கு மயக்கம் வந்தால் காற்று பார்த்துக்கொள்ளுமா? ஒரு பருவம் போனது, போகட்டும்.

விருந்தினர்களிடம் திரும்பத் திரும்ப மறுக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. சோளகத்தில் வட கரைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், பார்த்தவுடன் ஆசை வரும். ஆனால் அங்கே காற்று கரையில் இருந்து கடலுக்குத் தள்ளுகிறது. நூல் அறுந்தால் ஆள் பாக்கு விரிகுடாவுக்குள் போவார். படகு கூடவே ஓடாமல் அங்கே யாரையும் விடமாட்டேன். மற்றது தலைமன்னாருக்கு அப்பால் தெரியும் மணல் திட்டுகள். ஆதாம் பாலம், ராமர் பாலம் என்று படத்தில் பார்த்துவிட்டு வருகிறார்கள். 2015 முதல் அது தேசிய பூங்கா. அதற்கு அப்பால் இந்திய எல்லை, இடையில் கடற்படை. பட்டத்தில் அங்கே போய் நிற்பது வீரம் இல்லை. அதேபோல, வாடைக் காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும் களப்புப் பக்கமும் பட்டம் ஏற்றுவதில்லை. மேலே பெரிதாக ஒன்று அசைந்தாலே பருந்து என்று நினைத்துக் கூட்டமாக எழும்பிவிடும். அவை இரை தேட வந்திருக்கின்றன, அவற்றை அலைக்கழிக்க எங்களுக்கு உரிமை இல்லை.

2020 கடைசியில் தீவின் தென் கரையோரம் 30 காற்றாலைகள் சுழலத் தொடங்கின. 2025இல் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் நாட்கணக்கில் வீதியில் இருந்தார்கள். நானும் போய் இருந்தேன். அங்கே ஒருவர் என்னைப் பார்த்து, "நீயும் காற்றை விற்கிறவன்தானே?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். சங்க நிதிக் கணக்கை அந்த வாரமே தேவாலய அறிவித்தல் பலகையில் ஒட்டினேன். ஒவ்வொரு பருவம் முடியும்போதும் ஒட்டுகிறேன். கரைக்காணியை வெளியாருக்கு விற்பதில்லை என்று எங்கள் பக்கத்தில் ஏழு குடும்பங்கள் எழுதிக் கையெழுத்திட்டிருக்கின்றன. கொழும்பில் இருந்து விலை கேட்டு வருபவர்களுக்கு அந்தத் தாளைத்தான் காட்டுகிறோம்.

ஊர்ப் பிள்ளைகள் ஒன்பது பேர் இப்போது பட்டம் ஓட்டுகிறார்கள், மூன்று பேர் பெண் பிள்ளைகள். அவர்களுக்கு வகுப்புக் காசு கிடையாது. 2024 ஒலிம்பிக்கில் மார்செய் கடலில் கைட் போட்டி நடந்தபோது எங்கள் கொட்டிலில் ஒரு கைபேசியைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். அன்று மதியம் நல்ல சோளகம். வீட்டுக்குப் போகும் வழியில் சித்தப்பா கரையில் நின்று துணியை இறக்கிக்கொண்டிருந்தார். "வலை ஏறிவிட்டது, பிள்ளைகளைக் கூப்பிடு" என்றார்.