வீணைக்கு மைக் வைத்துப் பார்த்தேன்: ஆவணியிலிருந்து நவராத்திரி வரை

போன வருட நவராத்திரியில் எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் நாற்பது நிமிடம் வீணை வாசித்தேன். மேடையை விட்டு இறங்கியதும் கடைசி வரிசையில் இருந்த பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாளக் கம்பி கணீரென்று கேட்டதடி கண்ணு" என்றார். பக்கவாட்டில் தாளம் போடுவதற்கென்றே இருக்கும் கம்பிகளைச் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. கீழ் ஸ்தாயியில் ஊறி ஊறி வாசித்த பைரவி ஆலாபனை அவரிடம் போய்ச் சேரவே இல்லை என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது. அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை.

வீணை அறைக்குள் உட்கார்ந்து கேட்கிற வாத்தியம். வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வாசித்தபோது, சுற்றி உட்கார்ந்தவர்கள் மூச்சடக்கிக் கேட்டதாகச் சொல்வார்கள். கோயில் மண்டபத்தில் அந்த அமைதியை யாரிடமும் எதிர்பார்க்க முடியாது. மணி அடிக்கும், சுண்டல் விநியோகம் நடக்கும். அங்கே மைக் கட்டாயம் வேண்டும். அதை எப்படி வைப்பது என்று கண்டுபிடிக்கத்தான் இந்த ஆண்டு ஆவணி பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கினேன். கோயிலில் வீணை வாசிக்கப்போகிற வேறு யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் ஞாயிறு மைக்கைத் தொடவே இல்லை. "கம்பியில் இல்லாத நாதத்தை மைக் எங்கிருந்து கொண்டுவரும்? முதலில் குதிரையைப் பார்" என்றார் என் டீச்சர். அவர் சொன்னது சரி. குதிரை என்பது கம்பிகளைத் தாங்கும் கட்டை. அதன் மேல் தகட்டில், முதல் கம்பியான சாரணி உட்காரும் இடத்தில் மெல்லிய பள்ளம் விழுந்திருந்தது. கம்பியை லேசாக நகர்த்தி விரலால் தடவினால்தான் அது தட்டுப்படும். தஞ்சாவூரில் வீணை வேலை செய்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மீட்டிப் பார்ப்பார். மறுபடி இரண்டு இழுப்பு. அரை மணி நேரம் கழித்துச் சாரணியைத் தட்டியபோது, நாதம் முன்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் நின்றது. கம்பிகளையும் அன்றே மாற்றிவிட்டேன். புதுக் கம்பி நான்கைந்து நாட்கள் இழுபட்டுத்தான் சுருதியில் நிற்கும் என்பதால், கச்சேரிக்கு முந்தைய நாள் கம்பி மாற்றுவதை யாரும் செய்ய வேண்டாம்.

அடுத்த இரண்டு ஞாயிறும் எங்கள் வீட்டுக் கூடத்தில் கழிந்தன. எனக்கு மிருதங்கம் வாசிக்கும் சார் தன்னுடைய ஷூர் எஸ்.எம்.57 மைக்கையும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சின்ன மிக்சரையும் கடன் கொடுத்தார். 1965-லிருந்து விற்பனையில் இருக்கிற மைக் அது. கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லித்தான் கொடுத்தார். மைக்கை ஒவ்வோர் இடமாக வைத்து, ஒரே வர்ணத்தை வாசித்து, தாழ்வாரக் கடைசியில் கைப்பேசியை வைத்துப் பதிவு செய்தேன். விரல் வைத்து அழுத்தும் மெட்டுகள் முடியும் இடத்துக்கு நேராக வைத்தால் நகம் கம்பியில் படும் ஓசைதான் முன்னால் வருகிறது. பலகையில் வட்டமாகத் துளையிட்டிருக்கும் இடத்துக்கு நேர் மேலே வைத்தால் பானைக்குள் பேசுவதுபோல் குமுறுகிறது. குதிரைக்கு ஒரு சாண் தூரத்தில், துளைகளை விட்டு விலக்கி, சற்றுச் சாய்வாக வைத்தபோதுதான் நான் தினமும் கேட்கும் என் வீணை பதிவில் கேட்டது. அந்த ஒரு சாணை இரண்டு சாணாக்கினாலே ஒலி கிட்டத்தட்ட 6 டெசிபல் இறங்கிவிடும். அதை ஈடுகட்ட மிக்சரில் ஏற்றினால் மானிட்டர், அதாவது வாசிப்பவரைப் பார்த்து வைக்கும் ஒலிபெருக்கி, ஊளையிடத் தொடங்குகிறது.

ஊளைக்குப் பயந்துதான் போன வருடம் காண்டாக்ட் மைக்கை மட்டும் நம்பியிருந்தேன். பலகையில் ஒட்டுகிற அந்தச் சின்ன வில்லை, காற்றில் வரும் ஒலியைவிட மரத்தின் அதிர்வைத்தான் பிடிக்கும். ஆனால் அதை ஒட்டியிருந்தது பக்கக் குதிரையின் அருகில். தாளக் கம்பிகள் ஏறிப் போகிற இடமே அதுதான்! பெரியம்மா சொன்னதற்குப் பாதிக் காரணம் கிடைத்துவிட்டது. ஒலி தகரம் தட்டியதுபோல் இருந்ததற்குக் காரணம் வேறு. இந்த வகைக் காண்டாக்ட் மைக், போய்ச் சேரும் இடத்தில் பத்து லட்சம் ஓம் அளவுக்கு இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) இருந்தால்தான் கீழ் ஒலிகளைச் சரியாகக் கொடுக்கும். மிக்சரின் மைக் துளையில் இருப்பதோ சில ஆயிரம் ஓம்தான். நேராகச் செருகினால் கனம் முழுவதும் போய்விடும். நடுவில் இரண்டையும் பொருத்திக்கொடுக்கும் டி.ஐ. பெட்டி ஒன்றை வைத்தேன். அதே வீணை, அதே வில்லை. கீழ் ஸட்ஜமான மந்தரக் கம்பியைத் தட்டியதும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

நான்காவது ஞாயிறு மைக் செட் வைக்கும் தம்பியை வீட்டுக்கு அழைத்துக் காபி கொடுத்துப் பேசினேன். இந்த முயற்சியிலேயே அதிகப் பலன் தந்தது அந்த ஒரு மணி நேரம்தான். எல்லா வாத்தியக்காரர்களுக்கும் இதைச் சொல்வேன்: மேடையில் ஏறிக் கையைக் காட்டி "கொஞ்சம் ஏற்றுங்கள்" என்று கேட்பதைவிட, முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள். என் வீணை மூன்று கட்டை சுருதி. எல்லாவற்றிலும் கீழே ஒலிக்கும் அனுமந்தரக் கம்பியை மெட்டில் அழுத்தாமல் தட்டினால் சுமார் 62 ஹெர்ட்ஸ், மந்தரம் 82. இதைச் சொன்னதும் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அக்கா, பேச்சு மைக்குக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பட்டனை அழுத்திவிடுவோம். மிக்சரின் எல்லாச் சேனலுக்கும் சேர்த்தே அழுத்துவது பழக்கம்" என்றார். போன வருடம் வேறு ஒருவர் வைத்த செட். அங்கேயும் இதுதான் நடந்து, என் கீழ்க் கம்பிகளின் ஒலி வெட்டுப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டு மைக்கையும் வைத்து, வேலையைப் பிரித்துக்கொடுக்கலாம் என்பதும் அவருடைய யோசனைதான். காண்டாக்ட் மைக் பெரும்பாலும் மானிட்டருக்கு. எதிரில் நிற்கும் மைக் சபைக்கு மட்டும். மானிட்டரில் அந்த மைக்கின் ஒலியே இல்லாததால் ஒலி சுற்றிச் சுற்றி ஊளையாகும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. எனக்கு நான் வாசிப்பது கேட்கிறது, சபைக்கு நல்ல நாதம் போகிறது.

மிருதங்கம் மட்டும் பாக்கி. வீணையின் குடம் (ஒலி எழும் உருண்டைப் பகுதி) என் வலப்பக்கம், மிருதங்கக்காரரும் வலப்பக்கம். என் மைக்கில் பாதி அவர்தான். ஒத்திகையில் இதைச் சொன்னபோது, மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் ஒரு காலத்தில் மைக் வைத்தால் வாசிக்க மாட்டேன் என்று உறுதியாக நின்றதைச் சார் நினைவூட்டினார். பிறகு அவரே எழுந்து ஸ்டாண்டை நகர்த்தி, மைக்கின் முதுகு தன்னைப் பார்க்கவும் முகம் என் குதிரையைப் பார்க்கவும் திருப்பி வைத்தார். இந்த வகை மைக் முதுகுப்பக்கத்து ஒலியை மிகக் குறைவாகத்தான் வாங்கும். அவருக்குத் தனி மைக்கே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அந்தச் சிறிய மண்டபத்துக்கு அதுதான் சரி.

கச்சேரி நாளில் ஒரு தவறு நடந்தது. மாலை நான்கு மணிக்கே வீணையை மேடையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். மேலே தகரக் கூரை. திரும்பி வந்து சுருதி சேர்த்தால் மத்திமம் ஒட்டவில்லை. மெட்டுகளைத் தாங்கும் மெழுகு சூட்டில் இளகி, ஒரு மெட்டு நூலளவு சாய்ந்திருந்தது. மெழுகு இன்னும் மென்மையாக இருந்ததால் கட்டைவிரலாலேயே தள்ளி, மீட்டி, தள்ளி, மீட்டி நேராக்கினேன். பிறகு ஈரத்துணியைப் பிழிந்து ஓரத்தில் வைத்து மெழுகை இறுக வைத்தேன். வீணையை வாசிக்கும் நேரத்துக்குத்தான் மேடைக்குக் கொண்டுபோக வேண்டும். காரிலும் வைத்துவிட்டு இறங்கக்கூடாது.

இந்த முறையும் பைரவிதான் எடுத்தேன். ஊளை ஒரு தடவை எட்டிப் பார்த்தது. தம்பி ஈக்வலைசரில் 250 ஹெர்ட்ஸைச் சற்று இறக்கியதும் அடங்கிவிட்டது. மங்களம் முடிந்து வீணையை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது பெரியம்மா மேடையருகே வந்தார். இந்த முறையும் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

"ஆலாபனை நடுவில் அடியாழத்துக்குப் போய் ஓர் இடத்தில் நின்றாயே, அது பஞ்சமமா?" என்று கேட்டார்.

"ஆமாம் பெரியம்மா. அனுமந்தரக் கம்பி. கடைசிக் கம்பி."