நாபோத் வழக்கில் கேட்கப்படாத கேள்விகள்

"பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" (யாத். 20:16) என்ற கட்டளையைப் பொய் பேசாதே என்று மட்டும் சுருக்கிப் படிக்கிறோம். அது முதலில் ஊர் வாசலில் மூப்பர் கூடும் நியாயசபைக்குச் சொல்லப்பட்டது. அங்கே ஒருவனுடைய உயிரும் நிலமும் பெரும்பாலும் சாட்சிகளின் வாயில்தான் இருந்தன.

அதனால்தான் மோசேயின் நியாயப்பிரமாண நூல்களில் ஒன்றான உபாகமம் அத்தனை பூட்டுகள் போடுகிறது. ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பு இல்லை. இரண்டு அல்லது மூன்று பேர் வேண்டும் (19:15). மரண தண்டனையென்றால் சாட்சி சொன்னவர்களின் கைதான் முதலில் கல்லெறிய வேண்டும் (17:7). நியாயாதிபதிகள் நன்றாக விசாரிக்க வேண்டும். சாட்சி பொய்யென்று தெரிந்தால், அவன் மற்றவனுக்குச் செய்ய நினைத்ததை அவனுக்கே செய்ய வேண்டும் (19:18-19). பொய் பலித்ததா இல்லையா என்பது அங்கே கணக்கில்லை, நினைத்ததே கணக்கு.

இத்தனை இருந்தும், தன் திராட்சத்தோட்டத்தை ராஜா ஆகாபுக்குக் கொடுக்க மறுத்த நாபோத் செத்தான். 1 இராஜாக்கள் 21-ஐ நிதானமாகப் படியுங்கள். ஆகாபின் மனைவி யேசபேல் நியாயப்பிரமாணத்தை மீறியதுபோல் காட்டிக்கொள்ளவே இல்லை. ஊர் மூப்பர்களுக்கு ஆகாபின் பேரில் கடிதம் எழுதி, அவன் முத்திரையைப் போட்டு, உபவாசம் கூறச் சொல்கிறாள். எண்ணி இரண்டு சாட்சிகளை நிறுத்தச் சொல்கிறாள். குற்றச்சாட்டும் தேர்ந்தெடுத்ததுதான்: தேவனையும் ராஜாவையும் தூஷித்தான். கல்லெறிந்ததும் பட்டணத்துக்கு வெளியே. எல்லாம் முறைப்படி. விடுபட்டது ஒன்றே ஒன்று, விசாரணை. எங்கே பேசினான், எப்போது, வேறு யார் கேட்டார்கள் என்று யாரும் கேட்டதாக அந்த அதிகாரத்தில் ஒரு வரிகூட இல்லை.

மூப்பர்கள் ஏமாந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. கடிதம் ஆகாபின் பேரில் வந்தது, நாபோத் செத்த செய்தியை அவர்கள் அனுப்பியதோ யேசபேலுக்கு (வச. 14). எழுதியது யார் என்று தெரிந்தே செய்தார்கள். தீர்க்கதரிசி எலியாவோ கொலைப்பழியை ஆகாபின் மேல் வைக்கிறான். ஆகாப் பொய் சொல்லவில்லை, கல்லும் எடுக்கவில்லை. அந்தப் பொய்யால் வந்த திராட்சத்தோட்டத்தை எடுத்துக்கொள்ளப் போனான், அவ்வளவே.

விசாரித்தால் என்ன ஆகும் என்பதைக் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் தானியேல் 13 காட்டுகிறது. சூசன்னா என்ற பெண்மீது விபசாரப் பழிசுமத்திய இரண்டு முதியவர்களையும் தானியேல் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தடியில் பார்த்தீர்கள் என்று கேட்கிறார். ஆளுக்கொரு மரத்தைச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். இயேசுவின் விசாரணையிலும் பலர் பொய்ச்சாட்சி சொன்னார்கள், ஆனால் சாட்சிகள் ஒத்துவரவில்லை (மாற்கு 14:56). பேசிவைத்த பொய், பேசிவைக்காத விவரத்தில்தான் உடைகிறது.

இன்று நம் சபைகளில் இது அன்றாடம் தேவைப்படுகிறது. மூப்பன்மேல் வரும் குற்றச்சாட்டுக்கு இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டுமென்று பவுல் எழுதுகிறார் (1 தீமோ. 5:19). ஒருவர் சொன்னதைக் கேட்ட ஐந்து பேர் ஐந்து சாட்சிகள் அல்ல, ஒரே சாட்சிதான். வாட்ஸ்அப்பில் வந்ததும் அப்படியே. ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, நீங்களே கண்டது எது, காதில் விழுந்தது எது என்று பிரித்துக் கேளுங்கள். குற்றஞ்சாட்டப்பட்டவரையும் கூப்பிட்டு அவர் பக்கத்தைக் கேளுங்கள். பவுலின் இதே வசனத்தைக் காட்டி உண்மையாகவே பாதிக்கப்பட்டவரின் வாயை அடைப்பவர்களும் உண்டு. அது வசனத்தையே பொய்ச்சாட்சி ஆக்குவது. சாட்சி ஒருவரே என்றாலும் விசாரிக்கும் கடமை போய்விடாது. கண்டதை அறிவிக்காமல் இருப்பவனும் தன் அக்கிரமத்தைச் சுமப்பான் என்று லேவியராகமம் 5:1 சொல்கிறது.