வாடகைப் பட்டியலும் தையற்கடை நோட்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நான் கிராணியாக (எழுத்தராக) இருந்த காலத்தில், கடைவீடு வாங்க வந்தவர்களில் பலர் தோட்ட வேலையை முடித்துக்கொண்டு ஊழியர் சேமநிதிப் பணத்தோடு வந்தவர்கள். நிலப்பட்டாவையும் நில வரி, மதிப்பீட்டு வரி ரசீதுகளையும் பார்க்க நாங்கள் மறந்ததில்லை. வாடகை விவரத்துக்கு மட்டும் விற்பவர் தட்டச்சு செய்து கொடுத்த தாளையே நம்பினோம்.

ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் வாங்க விரும்பிய இரண்டு மாடிக் கடைவீட்டுக்கு அந்தத் தாளில் நான்கு வாடகைதாரர்களும் மாதம் 2,900 ரிங்கிட்டும் காட்டப்பட்டிருந்தன. மேல்மாடிக் கிடங்கின் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதியதாகத் தேதியிட்டிருந்தாலும், முத்திரை வரி கட்டியதற்கான அதன் சான்றிதழ் முந்தைய வாரத்தில்தான், தாமத அபராதத்தோடு, பெறப்பட்டிருந்தது. 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின்படி முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. அதனால் பலர் தேவை வந்தபிறகே முத்திரை வைப்பதுண்டு. அதை மட்டும் குற்றமாகக் கொள்ள முடியாது. ஆனால் ஆறு மாத மின்கட்டண ரசீதுகள் குறைந்தபட்சக் கட்டணத்தைத் தாண்டவில்லை, 900 ரிங்கிட் வாடகை வங்கிக் கணக்கில் ஒருமுறைகூட வரவில்லை, வாடகைதாரரோ விற்பவரின் மருமகன். இதற்குமேல் நான் என்ன சொல்ல?

கீழே தையற்கடை. பட்டியலில் 800 ரிங்கிட். கடைக்கார அம்மா இயந்திரத்தின் இழுப்பறையிலிருந்து நூல் ஒட்டிய பள்ளி நோட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். ஒவ்வொரு மாதமும் 650, எதிரே விற்பவரின் கையெழுத்து. கூரையை அம்மா தம் செலவில் மாற்றியதற்காக 150 குறைத்துக்கொள்ள விற்பவர் சம்மதித்தாராம். முதல் பக்கத்தில் இரண்டு மாத முன்பணம் பெற்றுக்கொண்டதற்கு விற்பவரின் காலஞ்சென்ற தந்தை கையெழுத்திட்டிருந்தார். அந்த முன்பணம் பட்டியலில் எங்கும் இல்லை. வாங்குபவர் அதைக் கேட்டுக் கழிக்காவிட்டால், நாளைக்கு அம்மா காலி செய்யும்போது தம் பையிலிருந்தே திருப்பித்தர நேரும்.

வாடகை, முன்பணம், பாக்கி, வாய்மொழிச் சலுகை ஆகியவற்றை உறுதிப்படுத்தும் ஒருபக்கக் கடிதத்தைத் தமிழிலும் மலாயிலும் எழுதி நீட்டினேன்.

"இதில் கையெழுத்துப் போட்டால் வாடகையை ஏத்திடுவாங்களா தம்பி?" என்று கேட்டார்.

அவருடைய ஒப்பந்தம் முடிந்து பல ஆண்டுகளாகி, மாதாமாதம் ஓடிக்கொண்டிருந்தது. புதிய உரிமையாளர் முறைப்படி அறிவிப்புக் கொடுத்தால் அவர் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. வாங்குபவரின் ஆளாகப் போயிருந்த நான், "உங்கள் பக்கத்துக்கு வேறொரு வழக்கறிஞரைக் கேளுங்கள் அம்மா" என்று மட்டும் சொன்னேன். இன்றும் அது உறுத்துகிறது.

உண்மையான வரவு 1,850 என்றானது. விலை குறைந்தது, முன்பணங்கள் மீதித்தொகையில் கழிக்கப்பட்டன. கூரைக்கான 150 ரிங்கிட் சலுகையைத் தொடர்வதாகப் புதிய ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கும்படி கேட்டவர் அந்த லாரி ஓட்டுநர்தான். எனக்கு அது தோன்றவில்லை.