நான்காவது கூட்டுப்புழு கைகொடுத்தது

ஒருவழியாக நேற்று ராத்திரி ஒன்று முழு இறக்கையோடு வெளியே வந்துவிட்டது. அரளி அந்துப்பூச்சியைத்தான் சொல்கிறேன். நந்தியாவட்டையை ஒரே வாரத்தில் மொட்டையடிக்குமே, அந்தப் பச்சைப் புழுவின் வளர்ந்த வடிவம். இதற்கு முன் மூன்று போச்சு. மூன்றுக்கும் நான்தான் காரணம்.

புழு வளர்ப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. பொரிந்த அன்று உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் இருந்த கறுப்பு வால்கொம்பு, சுண்டுவிரல் தடிமனுக்கு வளர்ந்தபோது குட்டையான மஞ்சள் குமிழாகியிருந்தது. தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, கழுத்துப் பக்கமுள்ள இரண்டு நீலக் கண்புள்ளிகளைக் காட்டி மிரட்டும். இலையை மட்டும் வீட்டுச் செடியிலிருந்தே பறியுங்கள். நர்சரியில் வாங்கிய செடியின் இலையைப் போட்டதும் இரண்டு புழு சுருண்டு விழுந்தன. மருந்து அடித்த செடி என்றுதான் நினைக்கிறேன்.

வம்பெல்லாம் கூட்டுப்புழுவில்தான். பச்சை மறைந்து முதுகு பழுப்பானதும் புழு தின்பதை விட்டுவிட்டு டப்பா முழுக்க ஓடும். மண்ணில், சருகுக்கு அடியில் ஒதுங்க இடம் தேடுகிறது. முதல் தடவை தேங்காய் நார்த்தூளை சொதசொதவென்று நனைத்து வைத்தேன், பூஞ்சை பிடித்தது. அடுத்து காய்ந்த மணல், கூட்டுப்புழு வற்றிப்போனது. மூன்றாவது நன்றாகவே பொரிந்தது, ஆனால் பிளாஸ்டிக் டப்பாவின் வழுவழுப்பில் ஏற முடியாமல் வழுக்கி வழுக்கி விழுந்து, இறக்கை கசங்கியபடியே காய்ந்துவிட்டது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தத் தடவை நார்த்தூளை மூன்று தண்ணீரில் அலசி (கட்டியாக விற்பதில் உப்பு இருக்கும்), கையில் பிழிந்தால் சொட்டாத ஈரத்தில் பரப்பி, மேலே சருகு போட்டேன். டப்பாவின் உள்சுவர் முழுக்கச் சாக்குத் துணி. பன்னிரண்டாம் நாள் இரவு எட்டரைக்குச் சருகு சரசரத்தது. ஈரமாக, நகத்தளவு இறக்கையோடு சாக்கைப் பிடித்து ஏறித் தலைகீழாகத் தொங்கியது. அரை மணி நேரத்தில் பாசிப் பச்சை, வெள்ளை, ரோஸ் அலைகளோடு இறக்கை முழுசாக இறங்கிவிட்டது. ராணுவச் சட்டையில் இஸ்திரி போட்டது போல! பதினோரு மணிக்கு உடம்பைச் சூடேற்ற இறக்கையைப் படபடவென்று நடுக்கிவிட்டு, மாடியிலிருந்து மல்லிப் பந்தல் பக்கம் பறந்தது.

அடுத்து மண்டையோட்டு அந்து. முதுகில் மண்டையோடு மாதிரி குறி, பிடித்தால் கீச்சென்று கத்தும், தேன்கூட்டில் புகுந்து திருடும். அதன் புழு தின்பதற்காகத் தொட்டியில் எள் விதைத்து, இரண்டு இலை விட்டிருக்கிறது. அதற்குள் இங்கே இன்னும் இரண்டு கூட்டுப்புழு பாக்கி. அதில் ஒன்று இன்று காலை கருத்து, தோலுக்குள் இறக்கைக் கோடு தெரிகிறது. சாக்குத் துணி ஒரு மூலையில் கழன்றிருக்கிறது, சாயங்காலத்துக்குள் தைத்துவிட வேண்டும்.