மகனின் தட்டும் என் நாவும்

2025 ஜூன் 7, சனிக்கிழமை

பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. பழைய சீருடையின் இடுப்புப் பொத்தான் பொருந்தவில்லை என்பதால், புதிதாக அளவு கொடுக்க இன்று மாலை மகனைத் தையற்காரரிடம் அழைத்துச் சென்றேன். அவர் நாடாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, போன ஆண்டின் நோட்டைப் புரட்டி, நான்கு அங்குலம் கூடியிருக்கிறது என்றார். கடையில் வேறு இரண்டு பேர் நிற்பதையும் பொருட்படுத்தாமல், "கண்டதையும் தின்றால் இப்படித்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. வீட்டுக்கு வரும் வரை என்னைவிடப் பத்தடி பின்னாலேயே நடந்து வந்தான்.

வழக்கமாக ஆறு இட்லி சாப்பிடுகிறவன் இரவில் இரண்டோடு எழுந்துகொண்டான். அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பதினோரு மணிக்குச் சமையலறையில் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. நான் எழுந்து போகவில்லை.

ஜூன் 11, புதன்கிழமை

ஞாயிற்றுக்கிழமையே முறுக்கு டின்னையும் பிஸ்கட் பொட்டலங்களையும் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன். இன்று அவனுடைய புத்தக அலமாரியைத் துடைக்கும்போது, அட்லஸுக்குப் பின்னால் ஏழு காலிப் பொட்டலங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் காற்று நீக்கி, நீளவாக்கில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகப்பட்டிருந்தது. சாப்பிட்டதைவிட அந்த மடிப்பின் கவனம்தான் என்னை உலுக்கியது. நன்றாக ரசித்துச் சாப்பிட்டு, "அம்மா, இதில் கொஞ்சம் பெருங்காயம் குறைகிறது" என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, நான்கே நாட்களில் தின்பதை ஒளித்துச் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டான்.

இரவு இதுபற்றி நெடுநேரம் படித்தேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016-இல் மருத்துவர்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், வளரிளம் பருவத்தினரின் உடற்பருமனையும் உண்ணல் கோளாறுகளையும் சேர்த்தே தடுக்க வேண்டும் என்கிறது. பட்டினிக் கட்டுப்பாடும், வீட்டில் எடையைப் பற்றிய பேச்சும் கேலியும் இரண்டுக்குமே வழிவிடுகின்றன என்றும், குடும்பமாகச் சேர்ந்து உண்பது பாதுகாப்புத் தருகிறது என்றும் அது கூறுகிறது. நான் தையற்கடையில் பேசியதும், வீட்டில் பூட்டியதும் அந்தத் தவறான பக்கத்தில்தான் நிற்கின்றன. பீரோவைத் திறந்து டின்னை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஜூன் 14, சனிக்கிழமை

குழந்தை நல மருத்துவரிடம் சென்று வந்தோம். உயரம் 158 செ.மீ., எடை 66 கிலோ. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் அவர் ஒரு புள்ளி வைத்துக் காட்டினார். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் நிறைக் குறியீட்டின் எல்லை வளரும் பிள்ளைகளுக்கு ஒரே எண்ணாக இருப்பதில்லை, வயதோடு அதுவும் உயர்ந்துகொண்டே போகும். பெரியவர்களுக்கு மிகை எடையைக் குறிக்கும் 23, உடற்பருமனைக் குறிக்கும் 27 என்ற அளவுகளுக்கு நிகரான இரண்டு வளைகோடுகள் அந்தப் படத்தில் இருக்கின்றன. மகனுடைய புள்ளி மேல் கோட்டையும் தாண்டி நின்றது.

பிறகு அவன் கழுத்தின் பின்புறத்தைப் பார்த்தார். மடிப்புகளில் வெல்வெட் துணி போலக் கருமை படர்ந்திருக்கிறது. அழுக்கு என்று நினைத்து, ஞாயிறுதோறும் பயத்தமாவு போட்டு, தோல் சிவக்கும் வரை நான் தேய்த்து வந்த இடம் அது. இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காதபோது தோலில் தோன்றும் அடையாளம் அது என்றும், தேய்த்தால் போகாது என்றும் மருத்துவர் சொன்னார். வலிக்கிறது என்று அவன் எத்தனை முறை சொல்லியிருப்பான்! இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நான் எதிர்பார்க்காத ஒன்றையும் அவர் சொன்னார். "இவனுக்கு எடையைக் குறைக்கச் சொல்லி நான் இலக்கு வைக்கப்போவதில்லை. இன்னும் வளர்கிற பிள்ளை. எடை ஏறாமல் இப்படியே நின்று உயரம் கூடினாலே புள்ளி தானாகக் கீழே இறங்கும்." எலும்பும் தசையும் வேகமாக வளரும் இந்த ஆண்டுகளில் வேளை தவறிப் பட்டினி கிடந்தால், கொழுப்போடு தசையும் கரையும், கால்சியமும் இரும்பும் போதாமல் போகும் என்றார். கிளம்பும்போது மகன் தயங்கித் தயங்கிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான், பரோட்டாவை விட வேண்டுமா என்று. விட வேண்டாம், அதற்கு ஒரு நாளும் ஓர் எண்ணிக்கையும் வைத்துக்கொள் என்றார். ஒரு வாரத்துக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. இரத்தச் சர்க்கரையும் தைராய்டும் சரியாக இருக்கின்றன; ட்ரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு மட்டும் சற்று மிகுதி. முதலில் சர்க்கரைப் பானங்களில் கைவைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.

அறிவுரை சொல்வதைத் தவிர்த்து, அவனையே அளக்கச் சொன்னேன். பள்ளி விட்டு வரும் வழியில் அவன் வாங்குகிற 250 மில்லி குளிர்பான பாட்டிலின் லேபிளில், 100 மில்லிக்கு 10.6 கிராம் சர்க்கரை என்று அச்சிட்டிருந்தது. பெருக்கிப் பார்த்து 26.5 கிராம் என்றான். சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, டீஸ்பூனால் சர்க்கரையை அள்ளிப் போட்டான். எங்கள் ஸ்பூனுக்கு ஏறத்தாழ ஐந்து கிராம் வந்தது. ஐந்து ஸ்பூன் போட்டும் எண் 26-ஐத் தொடவில்லை என்று கண்டதும், ஆறாவதை நுனியில் மட்டும் எடுத்துத் தட்டித் தட்டிச் சேர்த்தான். பிறகு ஒரு தம்ளர் தண்ணீரில் அத்தனையையும் கரைத்து ஒரு வாய் குடித்துவிட்டு, இதை மனிதன் குடிக்க முடியாது என்று கீழே வைத்துவிட்டான். குளிர்ச்சியும் வாயுவும் புளிப்பும் சேரும்போது இதே இனிப்பு நாக்குக்குத் தெரியாமல் போகிறது என்பதை அவனாகவே சொன்னான்.

நேரடியாகச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைய ஆற்றலில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார அமைப்பின் 2015-ஆம் ஆண்டுப் பரிந்துரை. 2,000 கலோரிக்கு அந்த ஐந்து சதவீதம் 25 கிராம்தான். ஒரு பாட்டிலோடு அந்த அளவு முடிந்துவிடுகிறது. நாங்களும் காபியில் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டோம். ஒருவனுக்கு மட்டும் வீட்டில் தனிச் சட்டம் வைப்பது அநியாயம் என்று என் கணவர் சொன்னது மிகவும் சரி. பாட்டிலுக்குப் பதிலாக உப்பும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்ட மோர் இப்போது அவன் பொறுப்பில் இருக்கிறது. ஜிகர்தண்டா மாதம் ஒருமுறை, நால்வரும் சேர்ந்துபோய்க் குடிப்பதாக முடிவு செய்தோம். மதுரையில் பிறந்த பிள்ளையிடம் அதற்குமேல் கேட்பது நியாயமில்லை.

ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை

உடற்பயிற்சி விஷயத்தில் இரண்டு வாரம் வீணாகிவிட்டது. காலை ஐந்தரை மணிக்கு மைதானத்துக்கு அழைத்துப் போய் அவனை ஓடச் சொன்னார் என் கணவர். மூன்றாம் நாள் அவனுடைய வகுப்புப் பையன்கள் அங்கே கால்பந்து ஆட வந்தார்கள். அன்றோடு அவன் வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டான். அதட்டிப் பார்த்தோம், கெஞ்சியும் பார்த்தோம். கடைசியில் அவனே அப்பத்தாவிடம் மனம் திறந்திருக்கிறான். ஓடுவது அவனுக்குக் கஷ்டமில்லையாம். ஓடும்போது தன் உடம்பைப் பிறர் பார்ப்பதுதான் தாங்கவில்லையாம். என் அத்தை இதை என்னிடம் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

சோம்பல் என்று நாம் பெயரிட்டுவிடுகிற பல வெறுப்புகளுக்கு அடியில் இப்படி ஒரு கூச்சம் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. உலக சுகாதார அமைப்பின் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகெங்கும் 11 முதல் 17 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். இத்தனை பேரும் சோம்பேறிகளாக இருக்க முடியாது. அதே அமைப்பு இந்த வயதினருக்குச் சொல்லும் அளவு, வாரச் சராசரியில் நாளொன்றுக்கு அறுபது நிமிட அசைவு. அது ஒரே மூச்சில் இருக்க வேண்டும் என்பதில்லை. மைதானத்தில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. விரைந்த நடையும் அந்தக் கணக்கில் சேரும். வாரத்தில் மூன்று நாளாவது மூச்சு வாங்குகிற அளவுக்கும், தசைக்கும் எலும்புக்கும் வேலை கொடுக்கிற அளவுக்கும் இருக்க வேண்டும்.

இன்று இரவு மொட்டை மாடியில் விளக்கை அணைத்துவிட்டு, தெருவிளக்கின் வெளிச்சத்திலேயே அவனும் நானும் இறகுப் பந்து ஆடினோம். பாதி நேரம் பந்து கண்ணுக்கே தெரியவில்லை. நாற்பது நிமிடம் ஆடியிருக்கிறோம் என்று கீழே வந்த பிறகுதான் தெரிந்தது.

ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை

சாப்பாட்டின் மேல் அவனுக்கு உள்ள பிரியத்தைப் பகையாக நினைத்ததுதான் என் அடிப்படைத் தவறு. அந்தப் பிரியம்தான் இப்போது அவனை நடக்க வைக்கிறது. ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு அண்ணா நகர் உழவர் சந்தைக்கு நடந்து போகிறோம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999-இல் எங்கள் மதுரையில்தான் தொடங்கியது என்று சொன்னதும், அதை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆவல் அவனுக்கு வந்துவிட்டது. போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். வரும்போது இரண்டு கையிலும் கனத்த பை. மூன்றாம் மாடிக்குப் படியேறும்போது அவனுக்கு மூச்சு வாங்குகிறது, ஆனால் பையை என்னிடம் கொடுப்பதில்லை.

வாங்கி வருகிறவன் சமைக்கவும் வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். இன்று கொண்டைக்கடலைச் சுண்டலும் வாழைப்பூப் பொரியலும் செய்தான். அப்பத்தா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பூவின் நடுவில் தீக்குச்சி போல நிற்கும் நரம்பையும், அடியில் கண்ணாடி போல இருக்கும் சிறு இதழையும் எப்படிக் கிள்ளி எடுப்பது என்று காட்டினார். ஒரு மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் கிள்ளினான். விரல் நுனியெல்லாம் கறுத்துவிட்டது. அந்த ஒரு மணி நேரமும் கைப்பேசி வேறு அறையில் கிடந்தது.

தட்டில் ஒரு மாற்றம் மட்டும் செய்திருக்கிறோம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு உணவு வழிகாட்டுதல், நாளின் ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. எங்கள் வீட்டுத் தட்டில் முக்கால்வாசி சோறுதான் இருந்தது. இப்போது பொரியலும் கூட்டும் முதலில் தட்டின் பாதியை நிரப்பிவிடுகின்றன. பருப்போ முட்டையோ மீனோ அடுத்து வருகிறது, சோறு கடைசியில் வருகிறது. இன்னும் வேண்டுமென்றால் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் பாத்திரம் அடுப்படியில்தான் இருக்கும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிடமாவது ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தான் செய்த பொரியலை மெல்ல மென்று, உப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிடும்போது அந்த இருபது நிமிடம் தானாகக் கிடைக்கிறது.

ஆகஸ்ட் 27, புதன்கிழமை

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு மாவு கிளறி, சூட்டோடு பிசைந்தது அவன்தான். ஐந்து சாப்பிட்டான். நான் எண்ணியதை அத்தை கவனித்துவிட்டார். "பண்டிகை நாளில் பிள்ளை வாயை எண்ணாதே தாயி" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

செப்டம்பர் 18, வியாழக்கிழமை

காலாண்டுத் தேர்வு நடக்கிறது. பத்து நாட்களாக எல்லாம் குலைந்துவிட்டது. இரவு ஒரு மணி வரை படிக்கிறான், நடுவில் கைப்பேசி, காலையில் எழுந்திருக்க முடியாமல் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு ஓடுகிறான், மாலையில் வரும்போதே கையில் சிப்ஸ் இருக்கிறது. 13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை. உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது, இனிப்பின் மேலும் எண்ணெய்ப் பண்டத்தின் மேலும் நாட்டம் மிகுகிறது. ஐந்து மணி நேரம் தூங்கிய பிள்ளையிடம் மனவுறுதியை எதிர்பார்ப்பது வீண்.

நான் எதுவும் சொல்லவில்லை. பத்தரை மணிக்கு வீட்டின் நான்கு கைப்பேசிகளையும் கூடத்துத் தட்டில் வைத்துவிட்டு, விளக்கை அணைத்தேன். காலையில் அவனை ஐந்தரைக்கு எழுப்பி, இரண்டு அவித்த முட்டையும் ஒரு வாழைப்பழமும் வைத்தேன். கணக்கை அந்த நேரத்தில் போடுவது எளிதாக இருக்கிறது என்றான்.

அக்டோபர் 11, சனிக்கிழமை

நான்கு மாதத்துக்குப் பிறகு மருத்துவரிடம் சென்றோம். உயரம் 160.5 செ.மீ., எடை 66.2 கிலோ. எடை ஏறத்தாழ அப்படியே நிற்கிறது, உயரம் இரண்டரை செ.மீ. கூடியிருக்கிறது. புதிய புள்ளி இன்னும் மேல் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது, ஆனால் அதை நோக்கி இறங்கியிருக்கிறது. கழுத்துக் கருமை மறைய இன்னும் பல மாதங்கள் ஆகலாம் என்றார். ட்ரைகிளிசரைடை ஜனவரியில் மறுபடி பார்க்க வேண்டும்.

ஓடுவதை அவன் இன்னும் வெறுக்கத்தான் செய்கிறான். மாடியில் பந்து ஆடுவதும், சந்தைக்கு நடப்பதும், சனிக்கிழமை மாலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி வருவதும் நடக்கின்றன. குளத்தை ஒரு முறை சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். மூன்று சுற்று முடித்த பிறகுதான் பரோட்டாக் கடை. நான்காக இருந்த எண்ணிக்கை இரண்டாகி, கூடவே முட்டை வந்திருக்கிறது. சுற்றுகளும் எண்ணிக்கையும் அவன் வைத்துக்கொண்டவை.

இந்த முறை மருத்துவரிடம் எல்லாவற்றையும் அவனே பேசினான். தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, அதிரசம் சாப்பிடலாமா என்று கேட்டான். உனக்கு எத்தனை வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டார். அவன் நெடுநேரம் யோசித்தான். நான் வாய் திறக்கவில்லை. "அப்பத்தாவோடு சேர்ந்து நான்தான் பாகு காய்ச்சுகிறேன். அதனால் சுட்ட அன்றைக்கு மூன்று, பிறகு தினம் ஒன்று" என்றான். மருத்துவர் அதை அப்படியே மருந்துச் சீட்டில் எழுதி, கீழே கையெழுத்திட்டு அவனிடம் கொடுத்தார்.