கண்டெலைக் கற்பிக்க ஒரு நத்தை

திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கும் நான், நினைவு எவ்வாறு உருவாகிறது என்பதை விளக்க நரம்பியல் அறிஞர் எரிக் கண்டெலின் ஆய்வுகளை எடுத்துக்கொண்டேன். முதல் வகுப்பு தோல்வியில் முடிந்தது. மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியிலிருந்து தொடங்கிக் கரும்பலகை நிறையப் படம் வரைந்தேன். பின்வரிசையில் கண்கள் சொருகின. வீடு திரும்பிய பிறகுதான் உறைத்தது, கண்டெலும் அங்கேதான் தொடங்கித் தடைப்பட்டார் என்பது. 1929இல் வியன்னாவில் பிறந்து, உளப்பகுப்பாய்வாளராகும் எண்ணத்தோடு அமெரிக்காவில் மருத்துவம் பயின்ற அவர், ஆல்டன் ஸ்பென்சருடன் சேர்ந்து ஹிப்போகாம்பஸ் கலங்களின் மின்னலைகளைப் பதிவுசெய்தும் நினைவின் பொறிமுறை பிடிபடவில்லை. ஆகவே 1962இல் பாரிஸில் லாடிஸ்லாவ் டாக்கிடம் சென்று, சுமார் 20,000 நரம்புக்கலங்களே உள்ள, அவற்றுட் சில வெறுங்கண்ணுக்கே தெரியக்கூடிய கடல் முயல் என்னும் கடல் நத்தையை ஆராயத் தொடங்கினார்.

நானும் சிறிய உயிரொன்றைத் தேடினேன். மாரி மழையில் பாடசாலை மதிலேறிய நத்தை ஒன்றை மேசையில் விட்டோம். மாணவி ஒருத்தி ஈர்க்கு நுனியால் அதன் கொம்பை மெல்லத் தொட்டாள். முதல் தொடுகைக்குக் கொம்பு முழுவதும் உள்ளே போயிற்று. எட்டாவதுக்கு நுனி மட்டும் சுருங்கியது. பன்னிரண்டாவதை நத்தை பொருட்படுத்தவே இல்லை. மறுநாளோ முதல் தொடுகைக்கே பழையபடி இழுத்துக்கொண்டது.

“நேற்றுப் பழகினது எங்க போச்சு, சேர்?”

நான் எதிர்பார்த்திருந்த கேள்வி அதுதான். கடல் முயல் தன் செவுளை, எங்கள் பாடநூல் ‘பூ’ என்பதை, உள்ளிழுக்கும் அனிச்சைச் செயலிலும் கண்டெல் இதையே கண்டார். பழகுவதற்கு எதிரான மிரட்சியிலும் இதே கதைதான்: வாலில் ஒரு தடவை மின்னதிர்ச்சி கொடுத்தால் செரட்டோனின் என்னும் வேதிப்பொருள் சுரந்து, ஏற்கெனவே உள்ள நரம்பு இணைப்பு சில நிமிடங்களுக்கு வலுப்பெறும். இடைவெளி விட்டு நான்கைந்து தடவை கொடுத்தாலோ செய்தி கலத்தின் கருவரை சென்று, கிரெப் என்னும் புரதம் மரபணுக்களை இயக்க, புதிய இணைப்புகளே முளைக்கும். நினைவு நாட்கணக்கில் நிலைக்கும். 2000ஆம் ஆண்டு நோபல் பரிசைக் கார்ல்சன், கிரீன்கார்ட் ஆகியோருடன் அவர் பகிர்ந்துகொண்டது இத்தகைய ஆய்வுகளுக்காகவே. (பரீட்சைக்கு முதல்நாள் இரவு முழுவதும் விழித்துப் படிப்போருக்கு இடைவெளி பற்றிய பகுதியை இருமுறை சொன்னேன்.)

தொடுகைக்குப் பழகுவதும் அப்படியே: நாளுக்குப் பத்துத் தொடுகையாக நான்கு நாட்கள் பழக்கப்பட்ட கடல் முயல், வாரக்கணக்கில் அதை மறக்கவில்லை. எங்கள் நத்தையிலும் பார்த்துவிடுவது என்று வகுப்பு தீர்மானித்தது. மூன்றாம் நாள் காலை, மூட மறந்த பேசினில் கீரை மட்டுமே மிஞ்சியிருந்தது.